உடல் வரையும் வட்டம்

சுவர் அருகே நேராக நில்லுங்கள். பாதங்களை நகர்த்தாமல், தலை முன்னும் பின்னும் செல்லுமாறு உடலை மெதுவாக ஆட்டுங்கள். கால்களும் மேலுடலும் ஒரே பக்கம் சாயும். வேகத்தைக் கூட்டினால், மேலுடல் முன்னே மடியும்போது கால்கள் பின்னே சாயும். கணுக்கால், இடுப்பு அசைவுகளின் கட்ட வேறுபாடு முதலாவதில் 0°-ஐ ஒட்டியும், இரண்டாவதில் 180°-ஐ ஒட்டியும் இருக்கும்.

இடைப்பட்ட 90°-இல் ஆட முடியுமா? எத்தனை முறை வாயால் விளக்கினாலும் உடலுக்குப் புரியாது. ஆனால் கண்ணுக்குப் புரியவைக்கலாம். செங்குத்தான இரு அதிர்வுகள் சேர்ந்து வரையும் உருவங்களைப் பிரெஞ்சு அறிஞர் லிசாஜு 1857-இல் விளக்கினார். அவ்வாறே கணுக்காலின் கோணத்தைக் கிடையச்சிலும் இடுப்பின் கோணத்தைச் செங்குத்தச்சிலும் கணிப்பொறித் திரையில் உடனுக்குடன் வரையலாம். 0° என்றால் சாய்கோடு. 180° என்றால் எதிர்ப்புறம் சாய்ந்த கோடு. 90° என்றால், வீச்சுகள் சமமானால், அழகான வட்டம்! திரையைப் பார்த்துத் தன் கோட்டைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

பிரெஞ்சு ஆய்வாளர் பார்டியின் குழுவினர் 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வழியில் புதிய அசைவுகளைப் பயிற்றினர். பயிற்சிக்குப்பின் பழைய இயல்பான ஆட்டமும் சற்று மாறியிருந்தது. எனக்கு வியப்பளிப்பது இதுவே. திரை ஓயாமல் உதவினால் உடல் அதையே நம்பியிருந்துவிடும். ஆகவே, திரையை அணைத்தபின் வட்டம் நிலைக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.