பக்கவாதத்திற்குப் பின் இதயத்தையும் கண்காணிப்பது ஏன்?

“பாதிப்பு மூளையில்தானே? மார்பில் எதற்கு இத்தனை ஒயர்கள்?” பக்கவாதத்தால் அனுமதிக்கப்பட்டவர்களின் உறவினர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பக்கவாதத்திற்குப் பிந்தைய முதல் சில நாட்களில் இதயமும் ஆபத்துக்குள்ளாகலாம் என்பதே இதற்கு விடை.

மூளை தாக்கப்படும்போது இதயம்

இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மூளை நரம்புகளின் வழியே சீராக வைத்திருக்கிறது. மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. அட்ரினலின் போன்ற சுரப்புகள் மிகுந்து இதயத் தசையைத் தாக்குகின்றன. இதனால், முன்பு இதயநோய் இல்லாதவருக்கும் துடிப்பு ஒழுங்கு தவறலாம். இதயம் வலுவிழந்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். சிலருக்கு மாரடைப்பும் வரலாம். மூளையில் பாதிப்பு பெரிதாக இருப்பின் இந்த அபாயமும் கூடுகிறது.

இதயத்தின் இடது கீழறை பானை போல் உப்பி வலுவிழக்கும் ஒரு நிலையும் உண்டு. 1990இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள், ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் ‘டகோட்சுபோ’ என்றழைத்தனர். உரிய கவனிப்பில் பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் சீராகிவிடும்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் நிலை தனிக் கவனத்திற்குரியது. அங்கு உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். ஈசிஜி, டிரோப்போனின் இரத்தப் பரிசோதனை, எக்கோ ஆகியவையும் தொடர் கண்காணிப்பும் இவற்றைக் கண்டறியவே செய்யப்படுகின்றன.

சிகிச்சையின் பங்கு

அடைப்பினால் வந்த பக்கவாதத்தில், தகுதியுடையோருக்கு நான்கரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்படுகிறது. பெரிய குழாய் அடைபட்டிருந்தால், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் குழாய்வழியே கட்டியை அகற்ற இயலும். மூளையின் சேதம் குறையுமானால் இதயத்தின் மீதான சுமையும் குறைய வாய்ப்புண்டு.

ஆகவே முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108ஐ அழையுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப் பணியில் இருப்பவருக்கும், ஊரைவிட்டு வந்து விடுதி அறையில் தங்கியிருப்பவருக்கும் உடன் பணிபுரிபவரே முதல் துணை. நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் கூறுங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த நேரமே.

மாரடைப்புக்கு ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு, பக்கவாத அறிகுறி உள்ளவருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் இரத்தக்கசிவு இருந்தால் அது ஆபத்தாகும். சிடி ஸ்கேன் எடுத்த பின்னரே அடைப்பா, கசிவா என்பது தெரியவரும். விழுங்குதல் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் வாய்வழியே எதுவும் கொடுக்க வேண்டாம்.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை

பேச்சை இழந்தவரால் நெஞ்சு வலிப்பதைக் கூற இயலாது. அவருக்காக உங்கள் கண்களே பேச வேண்டும். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, அமைதியின்மை, மார்பைப் பற்றிக்கொள்ளுதல், மயக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே செவிலியரை அழையுங்கள். அசௌகரியமாக உள்ளதென்று ஒயர்களைக் கழற்ற வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை பெரும்பாலும் நீண்டகாலம் தேவைப்படும். அதைத் தொடங்கும் நாளை மருத்துவரே முடிவு செய்வார். வார்ஃபரின் உட்கொள்வோர் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. உடல் தேறிவிட்டது என்றெண்ணியோ, ஷிஃப்ட் மாறியதாலோ, ஊருக்குச் சென்றதாலோ மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் மீண்டும் பக்கவாதம் வரக்கூடும். மாத்திரைச் சீட்டையும் ஈசிஜி அறிக்கையையும் எப்போதும் கையில் வைத்திருங்கள். கை கால்கள் தேறுவதற்குப் பயிற்சி எவ்வளவு தேவையோ, இதயத்தைக் காப்பதற்கு இந்த ஒழுங்கும் அவ்வளவு தேவை.