யார் செய்த விமானம்?

போன வருடம் நான் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிங்லெட்டைத் தாண்டித் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து ஏறும் அதே பாதை. மலாக்காவில் விமான இறக்கைப் பாகங்களுக்குக் கார்பன் இழைத் தாள் அடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவள் நான். கையளவு கார்பன் பலகைத் துண்டு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், ஏர்பஸ்ஸ யாரு செஞ்சது?"

ஒரு பெயரில் அடங்கும் பதில் இல்லை அது.

1960-களில் பயணிகள் விமானச் சந்தை அமெரிக்கர் கையில் இருந்தது. போயிங், டக்ளஸ், லாக்ஹீட் என மூன்று பெரிய கைகள். ஐரோப்பாவில் திறமைக்குக் குறைவில்லை. பிரிட்டன் காமெட் செய்தது, பிரான்ஸ் கேரவெல் செய்தது. ஆனால் அவரவர் தனியே செய்து தனியே விற்றதில், போட்ட முதலை மீட்கும் அளவுக்கு விற்பனை சேரவில்லை. கூடிச் செய்தால்தான் பிழைப்பு என்றானது.

1969 மே 29 அன்று பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் ஏ300 என்ற பயணிகள் விமானத்தைச் சேர்ந்து செய்ய ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் அரசு அதற்கு முன்பே விலகிக்கொண்டது. ஆனால் இறக்கையை வடிவமைத்துக்கொண்டிருந்த பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி நிறுவனம் கைவிடவில்லை. சொந்தப் பணத்தையும் போட்டு வேலையைத் தொடர்ந்தது. 1970 டிசம்பர் 18-ல் ஏர்பஸ் முறையாகப் பிறந்தது. அடுத்த ஆண்டு ஸ்பெயின் சேர்ந்தது. பிரிட்டன் 1979-ல் பங்காளியாகத் திரும்பி வந்தது.

வேலையைப் பங்கு பிரித்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ரோஜே பெத்தேய். விமானி அறை பிரான்சில், உடற்பகுதி பெரும்பாலும் ஜெர்மனியில், இறக்கை பிரிட்டனில், வால் இறக்கை ஸ்பெயினில். பேச்சு ஆங்கிலத்தில், அளவு அங்குலத்தில் என்றும் அவர் முடிவு செய்தார். உலகச் சந்தையில் விற்க வேண்டுமே! செய்த பாகங்களைத் துலூஸ் நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 'சூப்பர் கப்பி' என்ற பருத்த சரக்கு விமானம் வந்தது. பழைய போயிங் விமானத்தை மாற்றிச் செய்தது அது. எதிராளியின் முதுகில் ஏறித்தான் ஏர்பஸ் வளர்ந்தது.

ஏ300 முதலில் பறந்தது 1972 அக்டோபர் 28-ல். பிறகு ஆர்டரே வராத மாதங்கள் வந்தன. 1977-ல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்கு நான்கு விமானங்களை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். எரிபொருள் மிச்சமானதைக் கண்டு, அந்த நிறுவனம் 1978-ல் 23 விமானங்கள் கேட்டது. அதிலிருந்துதான் கதவு திறந்தது. 1987-ல் பறந்த ஏ320-ல் விமானியின் கட்டளை கம்பியையும் கப்பியையும் இழுக்காமல், கணினி வழியாக மின் சமிக்ஞையாய்ப் போனது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நம் ஆட்களை ஏற்றிப் போவதும் அந்தக் குடும்பத்து விமானம்தான்.

இதில் மலேசியாவின் பங்கு என்ன? 1990-ல் அரசு முதலீட்டில் உருவான சிடிஆர்எம் நிறுவனம் மலாக்காவின் பத்து பெரெண்டாமில் ஏர்பஸ் இறக்கைகளுக்குக் கார்பன் பாகங்கள் செய்யத் தொடங்கியது. கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங்குக்கான பாகங்கள் உருவாகின்றன.

கார்பன் பாகம் செய்யும் வேலை எப்படியென்று பிள்ளைகளுக்கு, தேயிலைக் கொழுந்து கிள்ளிய என் அம்மாவின் கூடையை வைத்துத்தான் சொன்னேன். கூடை ஏன் பாரம் தாங்குகிறது? பிரம்புப் பட்டைகள் ஒன்றுக்கொன்று குறுக்கே போவதால். கார்பன் இழையும் நீளவாக்கில்தான் உறுதி. அதனால் பிசின் ஊறிய தாள்களை நேராக, சாய்வாக, குறுக்காக மாற்றி மாற்றி அடுக்குவோம். பிறகு உறையால் மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ஏறத்தாழ 180 டிகிரி வெப்பத்தில் அழுத்த அடுப்பில் வேகவைப்போம். தாளைப் பொத்தியிருக்கும் மெல்லிய காகிதம் உரிபடாமல் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் பாகம் முழுவதும் வீண்.

பிசின் ஊறிய அந்தத் தாளுக்கு ஆயுள் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைத்திருப்பதை வெளியே எடுத்த நொடியிலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று அட்டையில் எழுதிக்கொண்டே வர வேண்டும். முதல் நாள் பயிற்சியில் இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. கொழுந்துக்கும் இதே கதைதானே? கிள்ளிய அன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். கூடையில் அமுக்கி அடைத்தால் இலை சூடேறிச் சிவந்துவிடும். சிறுவயதில் நான் இடம் பண்ணுவதற்காகக் கூடைக்குள் கையை வைத்து அழுத்தப் போனால் அம்மா கையைத் தட்டிவிடுவார். "அமுக்காத பாப்பா, கொழுந்துக்கு மூச்சு முட்டும்."

அம்மா எடுத்த கொழுந்து யார் வீட்டுக் கோப்பைக்குப் போனதோ, அவர் பார்த்ததில்லை. நான் அடுக்கிய பலகை எந்த விமானத்தில் பறக்கிறதோ, நானும் பார்த்ததில்லை. விமானத்தின் உடலில் எழுத ஒரு பெயருக்குத்தான் இடம். ஆனால் அது பறப்பது, பார்க்க ஆளில்லாத நேரத்திலும் வேலையைச் சரியாகச் செய்தவர்களால். தோட்டத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை. அவர்கள் வீட்டிலேயே அந்தக் கவனம் தலைமுறையாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் பெத்தேயைப் பற்றிச் சொன்னேன். தங்கள் பணத்தைப் போட்டு இறக்கை செய்த பிரிட்டிஷ்காரர்களைப் பற்றிச் சொன்னேன். "நானும் செஞ்சிருக்கேன்மா" என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, என் அம்மாவையும் சேர்த்துச் சொன்னேன்.