அவையில் உண்டு கடவுள் பெயரில்லா உறுதிமொழி, படிவத்தில்?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: மக்களவைக்குத் தேர்வான உறுப்பினர்கள் பதவியேற்கும் நாளில் சிலர் "கடவுளின் பெயரால்" என்று தொடங்குவர், சிலர் "உளமார" உறுதி கூறுவர். இரண்டு வாசகங்களும் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் உள்ளவை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் உறுப்பினரின் உரிமையில் குறைவில்லை.

அவைக்கு வெளியே இறைநம்பிக்கையற்ற குடும்பங்களுக்கு இந்த எளிமை வாய்ப்பதில்லை. பெயர் சூட்டு விழா, திருமணம், ஈமச்சடங்கு ஆகியவற்றை மதமே நடத்திவைக்கும் ஊரில், சடங்கை விட்டவர் உறவையும் விட்டவராகவே கருதப்படுகிறார்.

உப்பும் போரும் பெயரானது: ஆந்திரத்தைச் சேர்ந்த கோரா (கோபராஜு ராமச்சந்திர ராவ்) குடும்பம் இதற்குச் சிறந்த சான்று. தாவரவியல் விரிவுரையாளரான கோரா பூணூல் அணிய மறுத்ததால், 1920-களின் இறுதியில் தந்தையின் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மனைவி சரஸ்வதியும் உடன் வந்தார். கருவுற்றிருந்தபோதே கிரகண நேரத்தில் வீட்டுக்கு வெளியே வந்து மூடநம்பிக்கையைப் பொய்யாக்கியவர் அவர். நாத்திகக் கருத்துகளுக்காக 1933-ல் காக்கிநாடா கல்லூரிப் பணியையும் கோரா இழந்தார்.

பிள்ளைகளுக்குத் தெய்வப் பெயர்களை அவர்கள் சூட்டவில்லை. உப்பு சத்தியாகிரக ஆண்டில் பிறந்தவர் லவணம். உலகப்போர் மூண்ட 1939-ல் பிறந்தவர் சமரம். ஒன்பதாவது பிள்ளைக்கு நவ் என்று பெயர்.

முதுநூர் கிராமத்தினரின் அழைப்பை ஏற்று 1940-ல் அங்கு சென்ற கோரா, நாத்திக மையத்தை நிறுவினார். பின்னர் அது விஜயவாடாவுக்கு மாறியது. அவருடைய மூத்த மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கும் நடைபெறவிருந்த திருமணத்தில் "கடவுள்" என்பதற்குப் பதிலாக "சத்தியம்" என்று சொல்ல காந்தியடிகள் இசைந்திருந்தார். அவர் மறைந்த பின், 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் அத்திருமணம் நடந்தேறியது. மற்றொரு மகளான சென்னுபாட்டி வித்யா 1980, 1989 தேர்தல்களில் விஜயவாடாவிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார்.

ஊரார் ஏற்றாலும் சட்டம் விடாது: கோராவை அழைத்த ஊரைப் போல, அண்டை வீட்டார் காலப்போக்கில் ஏற்றுக்கொள்ளக்கூடும். தனிநபர் சட்டங்களோ பிறந்த மதத்தைக் கொண்டே மனிதரை அடையாளம் காண்கின்றன.

1872-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்போர், தாங்கள் எந்த மதத்தையும் சாராதவர் என உறுதியளிக்க வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனையை நீக்கி, எம்மதத்தினரும் சடங்கின்றி மணக்க வழிவகுத்தது. எனினும் 30 நாள் முன்னறிவிப்பு பொதுப்பார்வைக்கு வைக்கப்படுவதால், எதிர்க்கும் உறவினருக்கு அது தகவலாகிவிடுகிறது. மேலும், 1976-ல் சேர்க்கப்பட்ட 21-ஏ பிரிவின்படி, இந்துக்களாகப் பிறந்த இருவர் இச்சட்டத்தில் மணந்தாலும் வாரிசுரிமையில் இந்து சட்டமே பொருந்தும். அவர்கள் நாத்திகர்களாக இருப்பினும் இதில் மாற்றமில்லை.

இஸ்லாத்தை விட்டு விலகிய கேரளப் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில், 2024-ல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஷரியத் முறைப்படி சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது. எனவே, தம் போன்றோருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்பது அவரது கோரிக்கை. ஒரே மகளுக்கு முழுச் சொத்தும் சேருமா என்பதே அவரது கவலை.

எண் இல்லாதோர்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆறு மதங்களுக்குக் குறியீட்டு எண்கள் இருந்தன, நாத்திகருக்கு இல்லை. "மதம் குறிப்பிடாதோர்" 28.67 லட்சம் பேர். நாத்திகர் என்றே பதிந்தவர்கள் ஏறத்தாழ 33 ஆயிரம் பேர்.

மதத்தை அறிவிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என 2014-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதி, மதம் அற்றவர் எனச் சான்றிதழ் வழங்க உரிய ஆணை பிறப்பிக்குமாறு 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது அடுத்த கணக்கெடுப்பு. நாடாளுமன்றத்தில் உறுப்பினருக்குக் கிடைக்கும் அந்த இரண்டாவது வாசகம், வீட்டு வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரின் படிவத்திலும் இருக்க வேண்டும் என்பதே இக்குடும்பங்களின் எதிர்பார்ப்பு.