தலைத்தோலின் விலை

இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஓர் அமெரிக்க நாவலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கார்மக் மெக்கார்த்தி எழுதி 1985இல் வெளிவந்த ‘பிளட் மெரிடியன்’. படித்தவர்களை இரண்டாகப் பிரித்துவிடும் நூல் இது. அமெரிக்க இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று என்பார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் பாதியில் மூடிவைத்தவர்கள், மறுபடி தொடாதவர்கள். விமர்சகர் ஹெரால்ட் புளூம் முதல் இரண்டு முறையும் அதன் கொலைகளைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். பிறகு முழுவதையும் படித்தார்; அந்த நூலுக்காக அவரளவு வாதாடியவர்கள் குறைவு. ஆகவே இந்தப் பிளவைத் துணிச்சல்காரர்களுக்கும் பயந்தவர்களுக்கும் இடையிலானது என்று தள்ளிவிட முடியாது. ஒரே வாசகருக்குள்ளும் அது நடக்கிறது.

‘வெஸ்டர்ன்’ கதைகள் நமக்கு அந்நியம் அல்ல. ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறி வந்த படங்களைப் பார்த்திருக்கிறோம். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரை வரி விடாமல் படித்திருக்கிறோம். அந்தக் கதைகளில் சாவு சுத்தமானது. குண்டு பட்டவன் விழுவான். அடுத்த கட்டத்தில் அவன் உடல்கூட இருக்காது. செவ்விந்தியர்கள் பெரும்பாலும் குன்றின்மேல் வரிசையாகத் தெரியும் நிழல்கள். டெக்ஸ் நவஹோக்களின் பக்கம் நிற்பவர், உண்மைதான். ஆனால் அவர்களுக்குத் தலைவராகவும் ஒரு வெள்ளைக்காரர்தான் வர வேண்டியிருந்தது! மெக்கார்த்தி அந்தச் சுத்தத்தைத்தான் கிழித்துப் போட்டார். அவருடைய நாவலில் பிணம் கிடக்கிறது, நாறுகிறது, எண்ணப்படுகிறது.

எண்ணப்படுகிறது என்பதை அழுத்திச் சொல்கிறோம். நாவலுக்கு அடியில் இருப்பது வரலாறு. அப்பாச்சே மக்களின் தாக்குதல்களை அடக்க முடியாத மெக்சிகோவின் வடக்கு மாநிலமான சிவாவா 1837இல் ஒரு விலைப்பட்டியல் போட்டது. ஆணின் தலைத்தோலுக்கு 100 பெசோ, பெண்ணினுடையதற்கு 50, குழந்தையினுடையதற்கு 25. அமெரிக்க–மெக்சிகோ போர் 1848இல் முடிந்த பிறகு, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்து வேறு வேலை இல்லாதவர்களுக்கு இது பிழைப்பாயிற்று. ஜான் ஜோயல் கிளான்டன் என்பவனின் கும்பல் அப்படிக் கூலிக்குக் கொன்ற கும்பல். கறுத்த முடியோடு வரும் தோல் அப்பாச்சேயினுடையதா, அடுத்த ஊர் விவசாயியினுடையதா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. எனவே சண்டைக்கே வராத பழங்குடிகளையும் மெக்சிகோ ஊரார்களையும் கொன்று காசாக்கினார்கள். யாரைக் காப்பாற்றக் கூலி வாங்கினார்களோ அவர்களின் தோலையே கொண்டுபோய் விற்றார்கள். 1850 ஏப்ரலில் கொலராடோ ஆற்றின் படகுத்துறையில் யூமா மக்கள் கிளான்டனைக் கொன்றார்கள். அந்தக் கும்பலில் இருந்ததாகச் சொல்லிக்கொண்ட சாமுவேல் சேம்பர்லின் எழுதிவைத்த நினைவுக்குறிப்பு 1956இல் வெளியானது. நாவலின் மறக்க முடியாத பாத்திரமான நீதிபதி ஹோல்டன் அங்கிருந்துதான் வருகிறான்.

நாவலில் நம்மை உலுக்கிய இடம் போர்க்களம் அல்ல. கும்பல் சிவாவா நகருக்குள் திரும்பி வரும் இடம். ஊர் கூடி வரவேற்கிறது. தோல்கள் எண்ணப்படுகின்றன, பணம் கொடுக்கப்படுகிறது, ஆளுநர் விருந்து வைக்கிறார். வெறிபிடித்த நாலு பேரின் செயல் என்று ஒதுக்க இங்கே இடமில்லை. சட்டம் இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, கைதட்டும் கூட்டம் இருக்கிறது. ‘இவ்வளவு ரத்தம் எதற்கு’ என்று கேட்பவர்கள் இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஆனால் நூலை வெறுப்பவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மெக்கார்த்தியின் வாக்கியங்கள் விவிலிய நடையில் நீண்டு விழுபவை. அவர் உரையாடலுக்கு மேற்கோள்குறி போடுவதில்லை. பெரும்பாலும் யார் மனதுக்குள்ளும் நுழைவதில்லை. பாறையும் பிணமும் ஒரே கவனத்தோடு வருணிக்கப்படுகின்றன. ஆறுதல் தர மறுக்கும் நேர்மை அது என்பார்கள் ஆதரவாளர்கள். கொலை இத்தனை அழகாக இருந்தால் கொலையைப் பார்ப்போமா, அழகைப் பார்ப்போமா என்பார்கள் மற்றவர்கள். இந்த வழக்கில் நாம் முன்னவர்கள் பக்கம் சாய்கிறோம், முழு மனதோடு அல்ல.

அதைவிடக் கனமான குறை வேறொன்று. நான்காம் அத்தியாயத்தில் கமாஞ்சே வீரர்கள் பாய்ந்து வருகிறார்கள். கொள்ளையடித்த கல்யாண முக்காடு, குடை, பழைய ஸ்பானியக் கவசம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அணிந்த, நரகத்திலிருந்து கிளம்பியது போன்ற ஒரு படை. அடிபடுபவர்கள், மெக்சிகோ மண்ணைப் பிடுங்கச் சட்டவிரோதமாகப் புறப்பட்ட வெள்ளைக்காரர்கள். அவர்களின் தலைவன் எவ்வளவு அசிங்கமான இனவெறியன் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. இருந்தும் பயம் முழுவதும் அவர்களுடைய பயம். கமாஞ்சேக்கு வாயில் ஒரு சொல் இல்லை, வீட்டில் ஓர் அம்மா இல்லை. பேசுவதெல்லாம் நீதிபதி. போரைத் தெய்வமாக்கிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். அழிந்துபோன மக்களின் பொருள்களை நோட்டில் அச்சு அசலாக வரைந்துகொண்டு, மூலத்தை நொறுக்கிப் போடுகிறான். அடிமைப்படுத்தியவர்கள் நம்மைப் பற்றி எழுதிவைத்த ஏடுகளில் நம்மைத் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்த நோட்டு வெறும் கதைப்பொருளாகத் தெரியவில்லை. நாவலும் ஓரளவு அந்த நோட்டைப் போலத்தானே இருக்கிறது என்ற சந்தேகம் நமக்குத் தீரவில்லை.

கொன்றவர்களின் தரப்பிலிருந்து இவ்வளவு சமாதானம் சொல்லாத வாக்குமூலம் அரிது. அந்த வகையில் இதைக் கட்டாயம் படிக்கச் சொல்வோம். செத்தவர்களின் கதையை மட்டும் இதில் தேடக்கூடாது.

அதற்கு வேறு நூல் இருக்கிறது. ‘பிளட் மெரிடியன்’ வந்த மறு ஆண்டு, 1986இல், ஜேம்ஸ் வெல்ச்சின் ‘ஃபூல்ஸ் குரோ’ வந்தது. வெல்ச் பிளாக்ஃபீட் மக்களில் ஒருவர். 1870 ஜனவரி 23 அன்று, மான்டானாவில் மராயஸ் ஆற்றங்கரையில், அமெரிக்கப் படை பெரியம்மையில் கிடந்த ஒரு பிளாக்ஃபீட் முகாமைச் சுட்டு எரித்தது. செத்தவர்கள் ஏறத்தாழ 200 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். முகாமின் தலைவர் ஹெவி ரன்னர் தம்மைச் சமாதானக்காரர் என்று சொல்லும் காகிதத்தோடு எதிரே போனார், அவரையும் சுட்டார்கள்.

வெல்ச் இந்தப் படுகொலையை நாவலின் கடைசியில் வைத்தார். அதற்குள் அந்த மக்களின் வேட்டை, கல்யாணம், கனவு, பொறாமை எல்லாவற்றிலும் நாம் நானூறு பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்துவிட்டிருப்போம். சுடும் காட்சி இல்லை. நாயகன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. பனியில் நடந்து தப்பி வரும் சிலரை வழியில் பார்க்கிறான், பிறகு கரிந்த முகாமைப் பார்க்கிறான். ரத்தம் குறைவு, ஆனால் இந்தப் பக்கங்களில் மூடிவைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றவில்லை, நமக்குத் தெரிந்தவர்கள் அங்கே கிடக்கிறார்கள் என்பதால். மராயஸில் உயிர் பிழைத்தவர்களில் வெல்ச்சின் கொள்ளுப்பாட்டியும் ஒருவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் வெல்ச்சின் தந்தை.