காம்பனோஸ்: இத்தாலியில் பிறந்து கிரேக்கத்தில் ஊன்றிய சொல்

தண்டு ஒன்று, தூக்கிப் பிடிக்கக் கொக்கி, நகரும் ஒரே எடைக்கல். தமிழில் வெள்ளிக்கோல் எனப்படும் இவ்வகைத் தராசைப் பிற்காலக் கிரேக்கர் 'காம்பனோஸ்' என்றனர். சொல் அவர்களுடையதல்ல, 'காம்பானா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர் தென் இத்தாலியின் காம்பானியா வட்டாரம். கருவி முதலில் புழங்கிய இடம் அதுவே என்று 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர இசிதோர் எழுதினார். அதே லத்தீன் சொல் மணியையும் குறித்தது.

பொருளைக் குட்டையான கைப்பக்கம் தொங்கவிட்டு, தண்டு சமநிலைக்கு வரும்வரை எடைக்கல்லை நீளமான பக்கத்தில் நகர்த்துவர். கல் நிற்கும் கோடே எடை. ஒரே கல்லைக் கொண்டு பல எடைகளை நிறுக்கலாம் என்பதால் வணிகர்களுக்கு இது பெரிய வரம்.

துருக்கிக் கரையில், யாஸி அடா தீவருகே மூழ்கிய கப்பலை 1961 முதல் 1964 வரை ஜார்ஜ் பாஸ் குழுவினர் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த வெள்ளிக்கோல்களில் மிகப் பெரியதன் தண்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். அதில் கப்பல் தலைவர் கியோர்கியோஸின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. எடைக்கல்லோ, ஈயம் நிரப்பிய வெண்கலத்தாலான அதீனா தேவியின் மார்பளவுச் சிலை! கிழக்கு ரோமப் பேரரசு கிறித்தவத்தைத் தழுவி நெடுங்காலம் ஆன பின்பும் பழைய தேவி சந்தையில் நிலைத்திருந்தாள் என்பது வியப்புக்குரியது.

கப்பலில் கிடைத்த நாணயங்கள் பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்தவை. தராசு இன்று போட்ரம் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது.