உமிழ்நீரில் கசியும் அயோடின்

கன்னத்தின் உட்புறம், மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு நேரே நாக்கு நுனியால் தடவினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். காதுக்கு முன்னே அமைந்த பரோட்டிட் சுரப்பியின் உமிழ்நீர் வாய்க்குள் இறங்கும் இடம் அது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், இரத்தத்திலிருந்து தானாக வடிந்து வருவதன்று. உப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கடத்தும் உயிரணுக்களின் உழைப்பால் உருவாவது.

நீரை இழுக்கும் குளோரைடு

சுரப்பியின் உயிரணுக்கள் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றோடு குளோரைடையும் இரத்தத்திலிருந்து எடுத்து, அந்தக் குளோரைடைத் தம்முள் செறிவாக்கி, உணவின் சுவை நரம்பைத் தூண்டியதும் நாளத்துக்குள், அதாவது உமிழ்நீர் ஓடும் நுண்குழாய்க்குள், திறந்துவிடுகின்றன. சோடியம் அதைத் தொடர, நீர் இரண்டையும் பின்தொடர்கிறது. வழியில் நாளத்தின் சுவர் அந்த உப்பில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்வதால்தான் உமிழ்நீர் உவர்ப்பதில்லை.

தைராய்டுக்கு உள்ள அதே வாயில்

குளோரைடைப் போலவே, அயோடினின் உப்பு வடிவமான அயோடைடையும் சுரப்பி இரத்தத்திலிருந்து எடுக்கிறது. அதைத் திரட்டுவது நாள உயிரணுக்களில் உள்ள சோடியம்-அயோடைடு கடத்தி என்னும் புரதம். தைராய்டிலும் இதுவே பணிபுரிகிறது. இதன் மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. தைராய்டு அயோடைடை ஹார்மோனாக்கிச் சேமிக்க, உமிழ்நீர்ச் சுரப்பியோ இரத்தத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவாக்கி வாய்க்குள் விட்டுவிடுகிறது. விழுங்கப்பட்ட அயோடைடு குடல் வழியாக மீண்டும் இரத்தத்தை அடைகிறது.

கதிரியக்க அயோடின் பெறுவோர்

படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பகுதிகளிலிருந்து தைராய்டுப் புற்றுநோய்க்காகச் சென்னை, வேலூர் மருத்துவமனைகளுக்குச் செல்வோரில் சிலருக்கு அயோடின்-131 தரப்படுகிறது. எட்டு நாளில் பாதியாகக் குறையும் இக்கதிரியக்கப் பொருளை உமிழ்நீர்ச் சுரப்பியால் சாதாரண அயோடினிலிருந்து பிரித்தறிய இயலாது என்பதே சிக்கலின் வேர். சாப்பிடும்போது கன்னம் வீங்கி வலித்தல், நா வறட்சி, சுவை மாறுதல், பிற்காலத்தில் பற்சொத்தை ஆகியவை, அப்பொருளின் கதிர்வீச்சால் சுரப்பி பாதிக்கப்படுவதன் விளைவுகள். சிலருக்குச் சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்ற பின்னரே இவை தோன்றுகின்றன. உமிழ்நீரிலும் கதிரியக்கம் இருப்பதால், மருத்துவர் குறிக்கும் நாள்வரை டம்ளர், தட்டு, துண்டு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்வது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் பாதுகாப்பாகும்.

தண்ணீரைப் போதிய அளவு அருந்துவது நல்லது. எலுமிச்சை மிட்டாய் போன்ற புளிப்பை எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும், ஏனெனில் முதல் நாளிலேயே புளிப்பைச் சுவைப்பது சுரப்பிக்குக் கேடாகலாம் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகிச்சைக்கு முன் சில நாள்களுக்கு மட்டும் அயோடின் கலந்த உப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். அதையே நிரந்தர வழக்கமாக்கிக்கொள்வது தவறு. கன்னத்தில் வீக்கம் தெரிந்தால், தானே வடியும் என்று காத்திராமல் சிகிச்சையளித்த மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.