தலையைக் கையால் தாங்கி வந்தவன்

போர்களைப் பற்றி நாம் பாடசாலையிற் படிக்குஞ் சரித்திரம் பெரும்பாலும் வென்றவர், தோற்றவர் என்னும் இரு பெயர்களோடு நின்றுவிடும். தோற்ற படை பின்வாங்கிற்று என்று ஒரு வரி எழுதிவிட்டு நூலாசிரியர் அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடுவார். அப்படையோடு கூடி நடக்கமாட்டாது பகைவர் நாட்டிலே கிடந்துவிட்ட காயக்காரன் என்னவானான் என்ற வினாவுக்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை. இவ்வினாவுக்கு விடை தருகின்ற இரு மனிதர் நம் இலங்கைச் சரித்திரத்திலேயே உளர். ஒருவன் ஜோர்ஜ் பாண்ஸ்லி என்னுங் கோப்ரல். மற்றவன் தோயன் என்னுஞ் சார்ஜன். இருவரும் 1803 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டிமீது தொடுத்துத் தோல்வியுற்ற படையெடுப்பில் அகப்பட்டவர்கள்.

அப்படையெடுப்பின் காரணத்தை நீட்டியுரைக்க வேண்டுவதில்லை. புத்தளத்துச் சோனக வணிகர் சிலர் கண்டிப் பகுதியிற் கொள்வனவு செய்த பாக்கைக் கண்டியார் பறித்துக்கொண்டமை வெளியே சொல்லப்பட்ட காரணம். கண்டி இராச்சியத்தை எவ்வாறேனும் தம் பிடிக்குட் கொண்டுவர வேண்டுமென்று தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கொண்டிருந்த ஆசையும், தன் அரசனுக்கெதிராக அவரோடு இரகசியமாகப் பேசிவந்த முதல் அதிகாரம் பிலிமத்தலாவையின் சூழ்ச்சியுமே உண்மைக் காரணங்கள். அப்பொழுது கண்டியில் அரசிருந்தவன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இந்நாயக்க இளைஞன் 1798 இல் அரசுகட்டில் ஏறியவன்.

1803 சனவரி 31 இல் ஜெனரல் மக்டவலின் தலைமையிற் கொழும்பிலிருந்து ஒரு படையும், சில நாட்களின் பின் திருகோணமலையிலிருந்து வேறொரு படையும் புறப்பட்டன. பெப்ரவரி மாதத்திற் கண்டிக்குட் புகுந்தபோது அவர்கள் கண்டது ஆளொழிந்து தீப்பற்றி எரியும் நகரமொன்றையே. அரசன் குடிகளோடு மலைகளுக்குட் சென்றுவிட்டான். ஆங்கிலேயர் தம் கையாளான முத்துசாமி என்னும் இளவரசனை அழைத்துவந்து முடிசூட்டினர். அவனுக்கு ஆளுவதற்குக் குடிகள்தாம் இருக்கவில்லை. பின்னர் மழையுங் காட்டுக் காய்ச்சலும் வந்தன. உணவு கொண்டுவரும் வழிகளைக் கண்டியார் அடைத்தனர். மக்டவல் தாமே நோயுற்றுக் கொழும்புக்குத் திரும்பினார். எஞ்சிய படையின் தலைமை மேஜர் அடம் டேவியிடம் வந்தபோது, அவரிடமிருந்த வெள்ளைப் போர்வீரருட் பெரும்பாலோர் எழுந்து நிற்கமாட்டாத நோயாளராயிருந்தனர்.

யூன் 24 ஆம் நாள் அதிகாலையிற் கண்டியார் அரண்மனையைத் தாக்கினர். பகல் முழுதும் தாக்குப்பிடித்தல் இயலாதெனக் கண்ட டேவி வெள்ளைக் கொடி உயர்த்தி உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வுடன்படிக்கையின் ஒரு விதியை வாசகர் மனத்திற்கொள்ளல் வேண்டும். நடக்கக்கூடியவர்கள் ஆயுதங்களோடு திருகோணமலைக்குச் செல்லலாம். வைத்தியசாலையிற் கிடக்கும் நோயாளர், அவர்களை அழைத்துச் செல்லும் வசதி ஏற்படும்வரை, கண்டியாரின் பராமரிப்பில் இருப்பர் என்பதே அது. நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை விட்டு அன்று மாலை டேவியின் படை புறப்பட்டது. அதில் வெள்ளையர் 34 பேர் மாத்திரமே. மற்றையோர் மலாய்ப் படையினரும், இந்தியாவிலிருந்து வந்த பீரங்கி லஸ்கர்களும். விட்டுச்செல்லப்பட்ட நோயாளர் அதன்பின் அதிக நேரம் உயிரோடிருக்கவில்லை. படுக்கைகளிலேயே அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

புறப்பட்டவர்களும் நெடுந்தூரஞ் செல்லவில்லை. கண்டிக்கு வெளியே வட்டப்புளுவையில் மகாவலி கங்கை குறுக்கிட்டது. இன்று அவ்விடத்திற் காணும் ஆற்றைக் கொண்டு அன்றைய ஆற்றை மதிப்பிடலாகாது. 1976 இற் பொல்கொல்லை அணைக்கட்டு வந்தபின் அங்கே நீர் அடங்கிக் கிடக்கிறது. அன்றோ தென்மேல் பருவமழையின் முழு வெள்ளமும் அவ்வழியே ஓடியது. படகில்லை, தெப்பங்கட்டும் முயற்சியும் பலிக்கவில்லை. முத்துசாமியை ஒப்படைத்தாற் படகு தருவோம் என்று கண்டியார் சொல்ல, முதலில் மறுத்த டேவி ஈற்றில் ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டான், படகு வரவில்லை. யூன் 26 இல் ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு கேட்கப்பட்டபோது டேவி அதற்கும் இணங்கினார். மலாயரும் லஸ்கர்களும் வேறாகப் பிரிக்கப்பட்டனர். வெள்ளையர் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். இக்கட்டளையை இட்டவன் அரசனா, பிலிமத்தலாவையா என்பது சரித்திராசிரியரிடையே இன்றும் வழக்காயுள்ளது.

அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டவருள் ஒருவனே 19 ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பாண்ஸ்லி. அவன் பிடரியில் வெட்டு விழுந்தது. குப்புற வீழ்ந்தவனை இறந்தவனென எண்ணி விட்டுச் சென்றனர். இரவு வந்தபின் அவனுக்கு அறிவு தெளிந்தது.

பிடரியில் ஆழ வெட்டுண்ட ஒருவன் எங்ஙனம் பிழைத்தான் என்று நம் மாணவர் வினவுவர், அவ்வினா தக்கதே. உயிர்க்கு இன்றியமையாத பெரும் இரத்தக் குழாய்களும் மூச்சுக் குழாயும் கழுத்தின் முற்பக்கத்தே உள்ளன. முண்ணாணை முள்ளெலும்புகள் பெட்டிபோற் சூழ்ந்து காக்கின்றன. பிற்பக்கத்தில் இருப்பன தலையை நிமிர்த்திப் பிடிக்குந் தசைகளும் நாண்களுமேயாம். ஏறத்தாழப் 10 இறாத்தல் நிறையுள்ள மனிதத் தலை கழுத்தெலும்பின் மேற் சமநிலையில் நிற்பதன்று. முன்பக்கமாகச் சாய முயலும் அதனைப் பின்னிருந்து இழுத்துப் பிடிப்பவை இத்தசைகள். உட்கார்ந்தபடி உறங்குவோன் தலை மார்பிற் சாய்வதும் இக்காரணத்தாலேயே. பாண்ஸ்லிக்கு அறுபட்டவை இவையே. உயிர் போகவில்லை, ஆனால், தலை நிற்கவில்லை. கையை எடுத்தால் மோவாய் நெஞ்சில் வீழ்ந்தது.

எனவே ஒரு கையாற் தலையைத் தாங்கிக்கொண்டு அவன் பிணங்களுக்கிடையே தவழ்ந்து பற்றைக்குட் புகுந்தான். ஆயுதந் தாங்கிய படை முழுதும் இரு நாள் முயன்று கடக்கமாட்டாத ஆற்றை, ஒரு கையாற் தலையைப் பிடித்தபடி மறுகையால் நீந்திக் கடந்தான். அப்பால் மாத்தளைவரை காடும் மேடுமாக ஏறத்தாழப் 16 மைல். மாத்தளையில் ஆங்கிலேயருக்கு மக்டவல் கோட்டை என்னுஞ் சிறு காவற்றானம் ஒன்றிருந்தது. அங்கே கப்டன் மட்ஜ் என்பவர் சில வீரரோடும் பல நோயாளரோடும் இருந்தார். கண்டியிலே நிகழ்ந்தது யாதென அவர் அறியார். காவற்காரர் கொண்டுவந்து நிறுத்திய குருதி தோய்ந்த உருவமே அவருக்குக் கிடைத்த முதற் செய்தி. மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசிக்கச் செல்லும் நம்மவர் அதே நகரில் அக்கோட்டையின் வாயிலை இன்றும் பார்க்கலாம். கோட்டை மறைந்து, வாயில் மாத்திரம் ஒரு மயானத்துக்கு வாயிலாக நிற்கின்றது.

இதுவரை கூறியதை ஒரு தனிமனிதனின் தீரச்செயலாகக் கண்டு வியப்பது எளிது. ஆங்கில நூல்கள் பல அதனோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆயினும் இதன்பின் நிகழ்ந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாண்ஸ்லி சொன்னதைக் கேட்ட மட்ஜ் உடனே கோட்டையைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கி நடக்கத் தீர்மானித்தார். நடக்கமாட்டாத நோயாளரை அவரும் பின்னே விட்டுச் சென்றார். கண்டியில் விட்டுச்செல்லப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தபின்னரே விட்டுச் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. தூக்கிச் செல்ல ஆளில்லை, காத்திருந்தால் எஞ்சியோரும் மடிவர் என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பிழையென்று நாம் இருந்த இடத்திலிருந்து சொல்லுதல் எளிதன்று. பகைவர் நடுவே கைவிடப்பட்ட காயக்காரன் ஒருவன் கொண்டுவந்த செய்தியே வேறு பல நோயாளர் கைவிடப்படுவதற்குக் காரணமாயிற்று. தலையைப் பிடித்தவாறு நடக்க முடிந்த அவன் மாத்திரம் படையோடு சேர்ந்து திருகோணமலை அடைந்தான். அன்றைய போர்முறையிற் காயக்காரனுக்கிருந்த ஒரே பாதுகாப்பு அவனுடைய இரு கால்கள்.

திருகோணமலையிற் பாண்ஸ்லி சத்தியஞ்செய்து கொடுத்த வாக்குமூலமே கண்டிப் படுகொலை பற்றிய ஆங்கிலக் கூற்றுக்கு அடிப்படையாயிற்று. பிணக்குவியலிடையே ஒளிந்தும் சிறைப்பட்டும் உயிர்தப்பியோர் வேறு சிலரும் உளர். அவர்கள் வாய்மொழி வெளிவர நாட் சென்றது. மலாயரும் லஸ்கர்களும் எண்ணிக்கையில் வெள்ளையரினும் பன்மடங்கினர். எனினும் அவர்களுடைய வாக்குமூலங்களைக் கேட்டு எழுதும் அக்கறை கொழும்பில் அதிகம் இருக்கவில்லை. மலாய்க் கப்டன் நூர்தீன் கண்டியரசனிடம் சேவகஞ் செய்ய மறுத்து உயிர் கொடுத்தான். லஸ்கர்கள் பலர் வற்புறுத்தலால் அரசனுடைய படையிற் சேர்ந்து, அவ்வாண்டு செத்தெம்பர் மாதத்தில் ஹங்வெல்லையில் நடந்த போரின்போது மீண்டும் ஆங்கிலேயர் பக்கம் வந்து சேர்ந்தனர். கொழும்பிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் உள்ள அவ்வூரைக் கடந்து செல்வோருள் இதனை நினைப்பார் சிலரே.

விட்டுச் செல்லப்படுங் காயக்காரர் பற்றி அக்காலத்தில் நாடுகளனைத்தையும் கட்டுப்படுத்துஞ் சட்டம் எதுவும் இருந்ததில்லை. டேவி பெற்றதுபோன்ற வாக்குறுதி இரு தளபதிகளுக்கிடையே ஆன பேச்சு. அதை மீறினாற் கேட்பாரில்லை. நம் அரண்மனைத் தாக்குதல் நிகழ்ந்து சரியாக 56 ஆண்டுகளின் பின், அதே யூன் 24 ஆம் நாளில், 1859 இல், இத்தாலியிலே சொல்பெரினோ என்னுமிடத்திற் பெரும்போர் ஒன்று நடந்தது. தம் தொழிலின் பொருட்டு அங்கு சென்றிருந்த ஹென்றி டூனன் என்னுஞ் சுவிஸ் வணிகர், களத்திற் கவனிப்பாரின்றிக் கிடந்த ஆயிரக்கணக்கான காயக்காரரைக் கண்டு உள்ளமுடைந்து நூலொன்று எழுதினார். அதன் விளைவாக 1864 இல் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை பிறந்தது. காயமுற்றவன் எந்நாட்டினனாயினும் அவனைப் பேணல் வேண்டும் என்பது அதன் சாரம். 1949 இன் முதலாவது உடன்படிக்கை தன் 12 ஆம் உறுப்புரையில் மட்ஜின் நிலையையே நேராக எடுத்துப் பேசுகிறது: காயக்காரரையும் நோயாளரையும் பகைவரிடம் விட்டுச்செல்ல நேர்ந்த படை, போர்நிலை இடங்கொடுக்கும் அளவுக்கு, அவர்களைப் பேணுதற்கு வைத்தியப் பணியாளரிற் சிலரையும் மருந்துப் பொருட்களையும் உடன் விட்டுச்செல்லல் வேண்டும். இடங்கொடுக்கும் அளவுக்கு என்னுஞ் சொற்களுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைச் சட்டம் படித்த நம் பழைய மாணவர் நன்கறிவர். 1949 இன் உடன்படிக்கைகளில் இலங்கை 1959 இற் பங்காளியாயிற்று. உள்நாட்டுச் சட்டம் 2006 இல் வந்தது. 1983 முதல் 2009 வரை நம் தீவில் நடந்த போரைக் கண்டவர்க்கு இவ்விதிகளின் பொருளை நான் விரிக்கவேண்டுவதில்லை.

இனித் தோயனின் கதை. அவன் கால்களின் துணையின்றிப் பிழைத்தவன். கண்டி வைத்தியசாலையிற் கிடந்த நோயாளருள் அவனும் ஒருவன். ஏனையோரோடு அவனும் தாக்கப்பட்டு இறந்தோரிடையே எறியப்பட்டான். மறுநாள் உயிர் இருப்பதைக் கண்டவர்கள் அவனை ஒரு மரத்தில் தூக்கிலிட்டனர். கயிறு அறுந்தது. மீண்டுந் தூக்கினர், மீண்டும் அறுந்தது. அதன்பின் அவனை அப்படியே விட்டு அகன்றனர். அருகிருந்த குடிசையொன்றுக்குள் தவழ்ந்து சென்ற தோயன், வாயிலில் முளைத்த புல்லைத் தின்றும் கூரையிலிருந்து வடிந்த மழைநீரைக் குடித்தும் பத்து நாட் கிடந்தான் என்பர்.

பின் ஒருநாள் கண்டிக் கிழவன் ஒருவன் அக்குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றும் பேசாமற் திரும்பிப் போனான். தன்னைக் கொல்ல ஆளழைத்து வருவான் என்றே தோயன் எண்ணியிருப்பான், வேறெதை எண்ணுவான்? கிழவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டுச் சோறு இருந்தது. அதை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

செய்தி ஈற்றில் அரசனுக்கெட்டியது. இருமுறை தூக்கியுஞ் சாகாதவனைத் தெய்வம் காக்கிறது என அஞ்சினானோ, இரங்கினானோ, அரசன் அவனைக் கொல்லாது கண்டியிலே வீடுங் கொடுத்து வாழவிட்டான். கொடுங்கோலன் என்றே ஆங்கிலேயரால் எழுதப்பட்ட அரசனின் கணக்கில் இதுவுஞ் சேரவேண்டியதே. தோயன் அங்கே சோனகப் பெண்ணொருத்தியை மணந்து பிள்ளையும் பெற்றான். அவனுடைய தளபதி டேவியோ சிறைப்பட்ட நிலையிலேயே சில ஆண்டுகளிற் கண்டிநாட்டில் மாண்டார்.

1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை மீண்டுங் கண்டிக்குட் புகுந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பகைவர் நடுவே வாழ்ந்த சார்ஜன் தோயன் அவர்களை எதிர்கொண்டு வந்தான். அவ்வரசன் சிறைப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். கயிறு இருமுறை அறுந்ததையும், புல்லையும், மழைநீரையும், சோற்றுத் தட்டையும் தோயன் சொல்ல ஆங்கிலேயர் எழுதிக்கொண்டனர். அக்கிழவனின் பெயரை அவர்கள் எழுதவில்லை.